நூற்றுப்பத்து வோல்ட் இஸ்திரிப் பெட்டி

லோ வோல்டேஜ் என்றால் என்னவென்று என் மருமகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. “கரண்ட் இருக்கும், ஆனா இருக்காது” என்றேன். “போன் சார்ஜ் ஏறுமா ஏறாதா, அத மட்டும் சொல்லுங்க” என்கிறாள். நம் வயதுக்காரர்களிடம் இந்தத் தொல்லை கிடையாது. அறுபதைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற, பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவைப் பருவத்தில் வீட்டுப்பாடம் எழுதிய யாரிடமும் அந்த வெளிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. பல்புக்குள் இருக்கிற கம்பிச் சுருளைக் கண் கூசாமல் எண்ணலாம். ஓடுகிற மின்விசிறியின் இறக்கைகளையும் எண்ணலாம். டியூப் லைட் இரண்டு முனையிலும் சிவந்து, கொஞ்சம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, நம்மால் ஆகாது என்று படுத்துவிடும்.

நான் பத்தாவது படித்த வருஷம் ரொம்ப மோசம். மேட்டூரில் தண்ணீர் இல்லை, எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பம்புசெட் வைத்திருந்தவர்கள் ஆற்றை நம்பாமல் மோட்டார் போட்டு நாற்று விட்டுவிட்டார்கள். எந்தத் திசையில் காது வைத்தாலும் மோட்டார் சத்தம்தான். அத்தனை மோட்டாரும் குடித்தது போக மிச்சம்தான் வீடுகளுக்கு. எங்கள் வீடு ஊர்க் கடைசியில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. ஆற்றுத் தண்ணீருக்கு நாங்கள் கடைமடை, கரண்டுக்கும் கடைமடை.

பக்கத்து வீட்டில் ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அந்தக் குறுவையில் அது ஓடியதே இல்லை. கண்ணாடி வளையல்களையும் ரேஷன் கார்டையும் அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆனால் அதன் தலைமேல் இருந்த ஸ்டெபிலைசரில் வட்டமாக ஒரு மீட்டர் உண்டு. காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தெர்மாமீட்டர் பார்க்கிற மாதிரி, சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் எல்லாரும் போய் அந்த ஊசியைப் பார்ப்போம். இருநூற்றிருபதில் நிற்க வேண்டிய ஊசி, நூற்றுப்பத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும்.

அந்தப் பருவத்தில்தான் என் லாத்தா தெருவில் பேர் வாங்கினாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம், அம்மாவை உம்மா, அப்பாவை வாப்பா. அவளுக்குக் கல்யாணமாகி சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணமானால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி வந்த மச்சான், லீவு முடிந்து சவூதிக்குத் திரும்பிப் போயிருந்தார். அவர் லாத்தாவுக்காகக் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று, கரண்டில் சூடாகிற இஸ்திரிப் பெட்டி. அதுவரை எங்கள் வீட்டில் கரி போடுகிற பித்தளைப் பெட்டிதான். இது கைக்கு அடக்கமாக, முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பில், வெளிர்நீலக் கைப்பிடியோடு இருந்தது. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு எதுவும் கிடையாது. சூடு ஏறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேய்க்க வேண்டும், ஆறினால் திரும்பச் செருக வேண்டும்.

பிளக்கில் பட்டையாக இரண்டு தகடுகள் இருந்தன. நம் ஊர் உருண்டை ஓட்டையில் அவை நுழையவில்லை. நுழையாத பிளக்கை நாம் என்ன செய்வோம்? கடைத்தெரு எலெக்ட்ரீஷியன் அதை நறுக்கித் தூரப் போட்டுவிட்டு, நம்மூர் பிளக் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.

“ஃபாரின்காரன் பின்னை மட்டும் சப்பையாப் போட்டுட்டான். மத்தபடி எல்லாம் ஒண்ணுதாங்க” என்றார்.

அவர் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் பெட்டி சூடானது. நன்றாகவே சூடானது. தெருவில் வேறு சில வீடுகளிலும் கரண்டுப் பெட்டி உண்டு, எல்லாம் நம் நாட்டுச் சரக்கு. அந்த லோ வோல்டேஜில் எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் அவை வெதுவெதுப்புக்கு மேல் போகாது. லாத்தாவின் பெட்டி மட்டும் கஞ்சி போட்ட வேட்டியைத் தகடு மாதிரி நிமிர்த்திவிடும். சாயங்காலமானால் பெண்கள் துணி மூட்டையோடு வந்துவிடுவார்கள். “உன் கைராசிம்மா” என்பார்கள். லாத்தா வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அவளுக்குச் சமையல் சரியாக வராது, தையல் வராது, எட்டாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. அவளை ஊரார் வாய் நிறையப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

அவள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். பெட்டியைச் செருகிவிட்டு, அடுத்துத் தேய்க்க வேண்டிய துணியைப் பிரித்து, உதறி, மடிப்புப் பார்த்து விரிப்பாள். பட்டாக இருந்தால் மேலே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் போடுவாள். அந்த வேலை முடிவதும் பெட்டி பதமாகச் சூடேறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு கைக்குட்டைகூடக் கருகியது கிடையாது.

லாத்தாவின் மாமியாரை நாங்கள் எல்லாருமே மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமி வீடு அடுத்த ஊரில், சப்ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். “எம் மவன் வாங்கியாந்த பொட்டி” என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்த மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்து நிச்சயத்துக்கு நாள் வைத்தார்கள். நிச்சயப் புடவை அரக்குப் பட்டு. கடையில் மடித்த மடிப்பு நன்றாக இல்லையென்று முந்தின நாள் அதை எங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார். லாத்தாதான் தேய்க்க வேண்டும், அவள் கை பட்டால் நல்லது என்று சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குத்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது.

அணை திறந்த செய்தி முன்னாலேயே தெரியும். ஆனாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் நிச்சயம். “தண்ணி வந்துருச்சு” என்று யாரோ கத்தியதும் தெருவே எழுந்து ஓடியது. உம்மாவும் ஓடினார், நானும் ஓடினேன். தண்ணீர் முதலில் தண்ணீராக வராது, உங்களுக்குத் தெரியும். நுரையும் சருகும் பிய்ந்த செருப்பும் உருண்டு வரும், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வரும். நாங்கள் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி அதற்கு முன்னால் ஓடினோம். வெடித்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது எழுகிற வாசனையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது. இருட்டத் தொடங்கியபோது மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு எவர் மோட்டார் போடுவார்? மாதக்கணக்காகக் காதில் இருந்த இரைச்சல் போய், அந்தப் பருவத்தில் முதல் தடவையாகத் தவளைச் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டு ஜன்னல் வெள்ளையாக எரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த ஜன்னலில் நான் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாசற்படி ஏறியதும் தலைமுடி கருகுகிற நாற்றம் அடித்தது. லாத்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் புடவை. முந்தானைக்குக் கொஞ்சம் தள்ளி, இஸ்திரிப் பெட்டியை அச்சு வைத்து வெட்டியது போல ஓர் ஓட்டை. பெட்டி ஒரு மூலையில் புகைந்து செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டிலோ ஃபிரிட்ஜ் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் எட்டிப் பார்த்தேன். ஊசி இருநூற்றிருபதில் நேராக நின்றது.

மறுநாள் மாமியின் மகள் கருகிய இடத்தைத் தோள் மடிப்புக்குள் மறைத்துப் பின் குத்திக்கொண்டு சபையில் உட்கார்ந்தாள். நிச்சயம் நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் மாமி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செத்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தவள் நான்தான். அடியில் ஒரு சின்னத் தகட்டில் 110 வோல்ட், 5 ஆம்பியர் என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன் என்று எங்கள் சயின்ஸ் சார் அந்த மாதம்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தார். அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் போட்டுப் பார்த்தேன். நூற்றுப்பத்தை ஐந்தால் வகுத்தால் இருபத்திரண்டு. பெட்டிக்குள் இருக்கிற கம்பியின் மின்தடை இருபத்திரண்டு ஓம். நூற்றுப்பத்தை ஐந்தால் பெருக்கினால் ஐந்நூற்றைம்பது வாட். அதுதான் லாத்தாவின் கைக்குப் பழகிய சூடு. கம்பி அதே கம்பிதான், அதன் மின்தடை அப்படியேதான் இருக்கும். அழுத்தம் இருநூற்றிருபதுக்கு ஏறினால், அதை இருபத்திரண்டால் வகுக்க, பத்து ஆம்பியர் ஓடும். இருநூற்றிருபதைப் பத்தால் பெருக்கினால் இரண்டாயிரத்து இருநூறு வாட். வோல்டேஜ் இரண்டு மடங்குதான் ஏறியது, சூடு நாலு மடங்கு ஏறிவிட்டது. லாத்தா எப்போதும் போல முந்தானையைப் பிரித்து, மடிப்புப் பார்த்து, வெள்ளைத் துணியை விரித்து முடிப்பதற்குள் பெட்டி கொள்ளிக்கட்டை ஆகியிருக்கிறது.

மச்சான் இருந்த ஊரில் வீட்டுக்கு வருவதே நூற்றுப்பத்து வோல்ட்தான் போலிருக்கிறது. எங்கள் ஊர் லோ வோல்டேஜும் தற்செயலாக அதே இடத்துக்கு வந்து நின்றதால் பெட்டி ஒழுங்காக உழைத்தது. நம் நாட்டுப் பெட்டிகளுக்கு அதே கணக்கில் கால்வாசிச் சூடு. இதைத்தான் தெருவே கைராசி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாமி தன் அண்ணனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் நிதானமான மனிதர். லாத்தாவைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

“கரண்ட் போச்சாம்மா அன்னிக்கு?”

“இல்லைங்க மாமா. போகவே இல்லை. எப்பவும் போலத்தான் செருகுனேன், எப்பவும் போலத்தான் வச்சேன்.”

“எப்பவும் போல வச்சா எப்படிம்மா கருகும்?”

“நான் சொல்றேன் கேளுங்க” என்றார் மாமி. “தேய்ச்சுக்கிட்டு இருக்கறப்ப கரண்ட் போயிருக்கு. பொட்டியப் புடவை மேலயே வச்சுட்டு, தண்ணி பாக்க ஓடிட்டா. போன கரண்ட் திரும்பி வந்துருக்கு. எம் பொண்ணு நிச்சயப் புடவையை விட இவளுக்கு வேடிக்கை பெருசாப் போச்சு.”

நடக்காத விஷயமில்லை. உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு சட்டை கருகியிருக்கும். ஆனால் லாத்தா அன்றைக்குத் தண்ணீர் பார்க்கப் போகவே இல்லை. ஊரே போனபோது வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். அதனாலேயே அவளுக்காகச் சொல்ல ஓர் ஆள் கிடையாது. எனக்குப் பொறுக்கவில்லை. நடுவே புகுந்தேன்.

“மாமா, அந்தப் பெட்டியோட மின்தடை இருபத்திரண்டு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “மின்தடையா?” என்றார் அவர்.

“ஆமா மாமா. அது மாறவே இல்லை. மின்தடை அப்படியேதான் இருந்துச்சு.”

“அப்ப அன்னிக்கு மின்தடை இருந்துச்சுங்கறே.”

“இருந்துச்சு மாமா. எப்பவுமே இருக்கும். அது இல்லாட்டி பெட்டி சூடே ஆகாது.”

மாமி கையைத் தட்டினார். “கேட்டுக்கிட்டீங்களா? பெரியவ கரண்ட் போகலைங்குறா, சின்னவ மின்தடை இருந்துச்சுங்குறா. சின்னப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியலை.”

நாளை காலை மின்தடை என்று மைக் கட்டிய ரிக்‌ஷா தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும். பேப்பரிலும் அப்படித்தான் போடுவார்கள். கரண்ட் போவதற்கும் அதே வார்த்தை, பாடப் புத்தகத்தில் கம்பிக்குள் இருக்கிற எதிர்ப்புக்கும் அதே வார்த்தை. ஒரே சொல்லை இரண்டு பேருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த அந்தப் பெரிய மனுஷர் யாரென்று தெரிந்தால் இந்த வயதிலும் போய்ச் சண்டை போடுவேன். வகுப்பில் நான் சரியாகச் சொன்ன சொல், எங்கள் வீட்டுக் கூடத்தில் லாத்தாவைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. நான் மேலும் விளக்கப் போனபோது உம்மா என் தொடையில் கிள்ளினார். பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள்.

“எம் மவன் லீவுல வந்தா எங்க வீட்டுலயே இருந்துக்குவான்” என்று மாமி வாசலில் நின்று சொன்னார். “அவனுக்கு வேற எடம் பாக்கவும் எனக்குத் தெரியும்.”

மாப்பிள்ளை வந்து தங்காத வீடு என்றால் எங்கள் பக்கத்தில் அந்தக் கல்யாணம் முறிந்தது என்றுதான் பொருள். வாப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. இரண்டொரு நாள் கழித்து என்னைச் சயின்ஸ் சாரிடம் கூட்டிக்கொண்டு போனார். சார் என் கணக்கை நிதானமாகச் சரிபார்த்தார். “எல்லாம் கரெக்ட். கடைசியில வாட்னு போடாம விட்டுட்டே பாரு” என்றார்.

“அப்ப எம் பொண்ணு மேல தப்பில்லைல்ல சார்?” என்று வாப்பா கேட்டார்.

“கணக்குல தப்பில்லைங்க” என்றார் சார்.

லாத்தா வெளியே வருவது குறைந்தது. துணி மூட்டைகளும் வருவது நின்றது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து உம்மா பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். அவள் அழவில்லை. ஒருநாள் அடுப்படிச் சுவரில் நான் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திரும்பத் திரும்ப என்னைச் சொல்லச் சொன்னாள். “எனக்குப் புரியுதுடி” என்றாள் கடைசியில். “அவங்களுக்குப் புரியணுமே.”

அடைமழைக் காலத்தில் மச்சான் லீவில் வந்தார். எங்கள் வீட்டுக்கு வரவில்லை, தாயார் வீட்டிலேயே தங்கிவிட்டார். வாப்பா ரொம்பப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை முறையாக அழைக்கக் கிளம்பினார். கணக்கு கேட்டால் தனக்குச் சொல்ல வராது என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

மாமி வீட்டுக் கூடத்தில் மேசைமேல் புதிதாக ஒரு விளக்கு இருந்தது. ரோஜா நிறக் கண்ணாடிக் கூடு, உள்ளே சின்னதாக ஒரு பல்பு. அதன் வயரிலும் நம்மூர் பிளக் ஒன்றைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ளையை அழைச்சுட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார் வாப்பா.

“அழைச்சுட்டுப் போயி? அங்க எதக் குடுத்தாலும் கருகும்” என்றார் மாமி. “இந்தா பாருங்க, இதுவும் எம் மவன் வாங்கியாந்ததுதான். வர்றவங்களுக்குக் காட்டணும்னு இன்னும் போடக்கூட இல்லை. எங்க வீட்டுல எதுவும் கருகாது.” சொல்லிக்கொண்டே பிளக்கைச் செருகி, தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார்.

ஒரு நொடி, மின்னல் வெட்டியது போல வெள்ளை வெளிச்சம். டப் என்று ஒரு சத்தம். பல்பும் வெடித்து, கண்ணாடிக் கூடும் விரிசல் விட்டு உதிர்ந்தது.

“கரண்ட் போயிடுச்சா?” என்றார் மாமி. மேலே டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

இந்தத் தடவை நான் மின்தடை என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. “மச்சான், அந்த ஊர்க் கரண்ட் பாதி, நம்ம ஊர்க் கரண்ட் முழுசு” என்றேன். “பாதிக்குச் செஞ்ச சாமான் முழுசைத் தாங்காது. குறுவை பூரா எங்க வீட்டுக்குப் பாதிதான் வந்துச்சு, அதான் பொட்டி நல்லா இருந்துச்சு. தண்ணி வந்த அன்னிக்கு மோட்டார் எல்லாம் நின்னு, முழுசா வந்துருச்சு.”

பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சார் சிவப்பு மையால் அடித்திருப்பார். பாதியாக இருந்தது வோல்டேஜ், கரண்ட் இல்லை. ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. மச்சான் விளக்கைத் தலைகீழாகத் திருப்பி அடியில் இருந்த எண்ணைப் படித்தார். “எங்க கேம்ப்ல சுவத்துல ரெண்டு தினுசு ஓட்டை இருக்கும், ஒண்ணு பாதிக்கு, ஒண்ணு முழுசுக்கு” என்று ஆரம்பித்தவர், அதோடு நிறுத்திக்கொண்டார்.

மாமி குனிந்து கண்ணாடித் துண்டுகளைக் கையில் பொறுக்கினார். “சம்மந்தி, காலைப் பாத்து வைங்க” என்று வாப்பாவிடம் சொன்னார். பிறகு உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தார். அதற்கு மேல் அவரால் இறங்கி வர முடியாது என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்து, நல்ல இடத்தைத் தேடிப் பிடித்து, நிச்சயத்துக்கு முந்தின நாள் கருகிய புடவையைக் கையில் வாங்கியவர் அவர். யார் மேலாவது அந்தப் பயத்தை இறக்கி வைக்காமல் அவரால் மறுநாள் சபையில் நின்றிருக்க முடியாது. அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது.

மச்சான் மழையில் நனைந்துகொண்டே எங்களோடு நடந்து வந்தார். உம்மா அவசரமாகச் சோறு வடித்தார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனபோது லாத்தா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மச்சான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்திருக்க வேண்டும். அவள் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை.

“உங்க உம்மா சொன்னதை நம்புனீங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

மச்சான் ஈரச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். “நம்புனேன்” என்றார். “உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுகூடத் தோணலை.”

அத்தனை மாதம் அழாதவள் அப்போதுதான் அழுதாள். நெடுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது” என்றாள்.

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் போய்விட்டது. சுவர் நிறையக் கணக்குப் போட்டு நான் மீட்டுக்கொடுத்த லாத்தாவை, ஒரே வார்த்தையில் அவர் திரும்பக் காயப்படுத்திவிட்டதாக வருஷக்கணக்கில் பொருமிக்கொண்டிருந்தேன். இருவரும் பிள்ளைகள் பெற்று, அவர் சவூதியை விட்டே வந்து, தலை நரைத்த பிறகுதான் ஒருநாள் கேட்டேன். அன்னிக்கு அவர் நம்பலைன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா லாத்தா, உனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும் என்று.

அதற்கு லாத்தா சொன்னாள்:

“சொல்லியிருந்தா பொய்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்டி. அப்புறம் அந்த மனுசன் என்ன சொன்னாலும், ஆயுசு பூரா நான் கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன்.”